பாலியல் குற்ற வழக்கில் தண்டனை: உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) சிறப்பு நீதிமன்றமோ மகளிர் நீதிமன்றமோ ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டனை விதித்த பிறகும், அந்தத் தீர்ப்பைச் சாட்சியம் முதல் தண்டனை அளவு வரை மீண்டும் ஆராயும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இந்த முதல் மேல்முறையீட்டுக்கு யாருடைய முன்அனுமதியும் தேவையில்லை. நீதிமன்ற வாசலையே மிதித்திராத குடும்பத்தினர் இதை எப்படித் தொடங்குவது, வழக்கறிஞரிடம் எதைக் கேட்பது, எதை எந்த நாளுக்குள் முடிப்பது என்பதை அறிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். வழக்கறிஞர் செய்ய வேண்டிய வேலையை இந்தக் கட்டுரையால் செய்ய முடியாது.

தொடக்கத்திலேயே ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. மேல்முறையீட்டில் சாட்சிகள் மறுபடி கூண்டேறுவதில்லை. கீழமை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களும் அங்கே குறியிடப்பட்ட (சான்றாக ஏற்று எண்ணிடப்பட்ட) சான்றாவணங்களும்தான் மீண்டும் படிக்கப்படுகின்றன. குடும்பத்துக்குத் தெரிந்த, ஊருக்குத் தெரிந்த எத்தனையோ விஷயங்கள் இருக்கலாம். அவை வழக்குக் கட்டில் இல்லையென்றால் உயர் நீதிமன்ற நீதிபதியின் கண்ணுக்கு அவை படுவதே இல்லை. ஆகவே மேல்முறையீட்டின் பலம் பெரும்பாலும் வழக்குக் கட்டை வரிவரியாகப் படிப்பதில்தான் இருக்கிறது.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த மேல்முறையீடுகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன. ஆனால் எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பவை சம்பவம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைப் பொறுத்தவை. தீர்ப்பு 2025-இல் வந்திருந்தாலும், சம்பவம் 2018-இல் நடந்திருந்தால் 2018-இன் சட்டமே பொருந்தும். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது தண்டனை அளவைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

செஷன்ஸ் நீதிபதி அளவிலான நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். போக்சோ சிறப்பு நீதிமன்றங்களும் இந்த வகையில் அடங்கும். புதிய சட்டத்தில் 415-ஆம் பிரிவும் பழைய சட்டத்தில் 374-ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. பாலியல் சீண்டல், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் போன்ற குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் தண்டனை விதித்திருந்தால் மேல்முறையீடு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் மகளிர் நீதிமன்றம் என்ற பெயரில் இரண்டு நிலைகளிலும் நீதிமன்றங்கள் இருப்பதால், பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் தீர்ப்பின் முதல் பக்கத்தில் நீதிபதியின் பதவி என்னவென்று பாருங்கள். மதுரை, திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி உள்ளிட்ட தென்மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கலாகின்றன. சென்னை, கோயம்புத்தூர், சேலம் போன்ற மாவட்டங்களின் வழக்குகள் சென்னை முதன்மை அமர்வுக்குச் செல்கின்றன.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாகவும் இலவசமாகவும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நகல் பல நேரங்களில் கைதியுடனேயே சிறைக்குள் போய்விடுகிறது. வெளியில் இருக்கும் குடும்பம் வெறுங்கையோடு வழக்கறிஞரைத் தேடி அலைகிறது. ஆகவே அதே நாளிலோ மறுநாளிலோ தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கும், எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலங்கள், சான்றாவணங்கள் ஆகியவற்றின் நகல்களுக்கும் விசாரணை நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுக் கொடுத்துவிடுங்கள். விசாரணையை நடத்திய வழக்கறிஞரிடம் இருக்கும் முழுக் கட்டையும் கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் வேறு வழக்கறிஞர் வாதாடப் போகிறார் என்றால், விசாரணையில் எந்தக் கேள்வி ஏன் கேட்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்று பழைய வழக்கறிஞரிடம் பேசித் தெரிந்துகொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலக்கெடு கண்டிப்பானது. உயர் நீதிமன்றத்துக்கு 60 நாட்கள். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாட்கள். செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாட்களே. நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்கள் இந்தக் கணக்கில் சேராது என்பதால், சான்றிட்ட நகலின் பின்புறத்தில் உள்ள தேதி முத்திரைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: மனுக் கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள் ஆகிய மூன்றும் அங்கே இருக்கும். கெடு தாண்டிவிட்டால் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம். வறுமை, சிறையில் இருந்தது, உடல்நலக்குறைவு என்று எது உண்மையான காரணமோ அதைத் தேதிகளோடும் ஆவணங்களோடும் சொல்ல வேண்டும்.

பணம் இல்லை என்பதற்காக ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு அவருடைய வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. சிறையில் உள்ள சட்ட உதவி மையம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு ஆகிய எதன் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. சிறையில் இருப்பவர் தம் மேல்முறையீட்டு மனுவைச் சிறைப் பொறுப்பு அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பது அந்த அதிகாரியின் கடமை. வழக்கறிஞரை அமர்த்துவதாக இருந்தால் வக்காலத்தில் (தமக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில்) கைதியின் கையெழுத்தைச் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு பெற வேண்டும். இதற்கே சில நாட்கள் பிடிக்கும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனு

மேல்முறையீடு தாக்கலானதாலேயே தண்டனை நின்றுவிடாது. மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடும்படி தனி மனுத் தாக்கல் செய்ய வேண்டும். புதிய சட்டத்தில் இது 430-ஆம் பிரிவு, பழையதில் 389. விசாரணைக் காலம் முழுவதும் பிணையில் இருந்த ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத தண்டனை கிடைத்திருந்தால், மேல்முறையீடு செய்யும் வரை விசாரணை நீதிமன்றமே அவரை வெளியில் விடலாம். தீர்ப்பு நாளன்றே இதைக் கேட்க வேண்டும்.

கடுமையான பிரிவுகளில் நிலைமை வேறு. பத்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், பிணையில் விடுவதற்கு முன் அரசு வழக்கறிஞர் எழுத்துமூலம் ஆட்சேபிக்க நீதிமன்றம் வாய்ப்பளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் தரப்பும் கேட்கப்படும். குறிப்பிட்ட கால அளவுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை நிறுத்திவைக்கும் கோரிக்கையை உயர் நீதிமன்றங்கள் தாராளமாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்கு எதிரான கடுங்குற்றங்களிலோ, தீர்ப்பை மேலோட்டமாகப் பார்த்தாலே புலப்படும் பெரும்பிழை இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும், இந்த நிலையில் சாட்சியத்தை எடைபோட்டுப் பார்த்து விடுவிக்கக் கூடாது என்றும் அந்த நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே இந்த மனுவில் முப்பது குறைகளை அடுக்குவதைவிட, தீர்ப்பின் முகத்திலேயே தெரிகிற இரண்டு மூன்று பிழைகளைச் சொல்வதே பலன் தரும் என்பது என் கருத்து. விசாரணையின்போது பிணை நிபந்தனை எதையும் மீறாதது, இதுவரை சிறையில் கழித்த காலம், நோய் இருந்தால் அதற்கான மருத்துவ ஆவணங்கள், மேல்முறையீடு விரைவில் விசாரணைக்கு வரும் வாய்ப்பின்மை ஆகியவற்றையும் ஆவணத்தோடு சேர்க்கலாம். மனு தள்ளுபடியானாலும், கணிசமான காலம் கழிந்த பின்போ சூழ்நிலை மாறிய பின்போ மீண்டும் தாக்கல் செய்யலாம்.

அபராதத்தை நிறுத்திவைக்கும்படி தனியே கேட்டால்தான் அதுவும் நிற்கும். வெளியில் இருக்கும் நாட்கள், மேல்முறையீடு தோற்றால், தண்டனைக் காலத்தில் கழியாது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டாலும் ‘குற்றவாளி’ என்ற தீர்மானம் அப்படியே இருக்கும்; அரசுப் பணி போன்றவற்றில் அதன் விளைவுகளும் தொடரும். அந்தத் தீர்மானத்தையே நிறுத்திவைப்பது மிக அரிது.

வழக்குக் கட்டைப் படிக்கும் முறை

மனுவில் எழுத வேண்டிய காரணங்கள் இங்கேதான் கிடைக்கின்றன. ஒரு பெரிய தாளில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் முதல் தகவல் அறிக்கையில் உள்ளது. இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் அளித்த வாக்குமூலம். மூன்றாவதில் நீதிமன்றத்தில் தலைமை விசாரணையில், அதாவது அரசுத் தரப்பு கேட்டபோது, சொன்னது. நான்காவதில் குறுக்கு விசாரணையில், அதாவது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டபோது, சொன்னது. சம்பவ நாள், நேரம், இடம், உடன் இருந்தவர்கள், செய்யப்பட்ட செயல், முதலில் யாரிடம் சொன்னார் என்பவை வரிசைகளாக அமையட்டும். நிரப்பி முடித்ததும் வேறுபாடுகள் தாமாகவே தெரியும்.

எல்லா வேறுபாடும் பயன்படாது. பயந்துபோன ஒரு குழந்தை நேரத்தை மாற்றிச் சொல்வதையும், உடையின் நிறத்தைத் தவறாகச் சொல்வதையும் நீதிமன்றங்கள் இயல்பானவை என்றே ஏற்கின்றன. அப்படி ஏற்பது நியாயமும்கூட. நம்பத்தக்கதாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் ஒற்றைச் சாட்சியமே தண்டனைக்குப் போதும் என்பது 1996-இல் பஞ்சாபிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்ன நிலைப்பாடு. குற்றத்தின் வேரைத் தொடும் முரண் மட்டுமே வலுவான காரணமாகும்: சம்பவ நாளில் குற்றம் சாட்டப்பட்டவர் வேறு ஊரில் இருந்ததற்கு ஆவணம் இருப்பது, முதல் இரண்டு வாக்குமூலங்களில் அறவே இல்லாத செயல் சாட்சியத்தில் முதன்முறையாக வருவது போன்றவை.

இதில் புதியவர்களுக்குத் தெரியாத நுட்பம் ஒன்று உண்டு. காவல்துறையிடம் சாட்சி முன்பு சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொன்னதற்கும் உள்ள முரணை வெறுமனே எடுத்துக்காட்ட முடியாது. அந்த முந்தைய வரியைக் குறுக்கு விசாரணையில் சாட்சியிடமே காட்டிக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அதைப் பதிவு செய்த புலன் விசாரணை அதிகாரியிடமும் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். ஆகவே அந்த அதிகாரியின் குறுக்கு விசாரணைப் பக்கங்களை எடுத்து, “இச்சாட்சி என் விசாரணையில் அவ்வாறு கூறவில்லை” என்பது போன்ற வரிகளைத் தேடி அடிக்கோடிடுங்கள். அத்தகைய வரி இருந்தால் முரண் சட்டப்படி மெய்ப்பிக்கப்பட்டது; இல்லையென்றால் உங்கள் நான்கு பத்தித் தாளில் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் வாதத்தில் அது நிற்காது.

போக்சோ வழக்குகளில் அடுத்து பார்க்க வேண்டியது வயது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதற்குரிய ஆவண வரிசையை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வகுத்திருக்கிறது: பள்ளி அளிக்கும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழை இந்த ஆவணங்களுக்குச் சமமாகக் கொள்ள முடியாது என்று கூறி 2023-இல் உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. எந்தச் சான்று குறியிடப்பட்டது, அதைக் கொடுத்த அலுவலர் சாட்சியம் அளித்தாரா, மருத்துவர் சொன்ன வயது வரம்பு என்ன என்று பாருங்கள். கூடவே, சம்பவ நாளில் தண்டனை பெற்றவரே 18 வயது நிரம்பாதவராக இருந்தாரா என்றும் பாருங்கள். அந்த வாதத்தை விசாரணையில் எழுப்பத் தவறியிருந்தாலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பச் சட்டம் இடம் தருகிறது.

தடய அறிவியல் அறிக்கை இருந்தால் அதன் முடிவை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆடை எந்த நாளில் மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பதிவு) மூலம் கைப்பற்றப்பட்டது, எந்த நாளில் நீதிமன்றத்துக்கு வந்தது, எந்த நாளில் ஆய்வகத்துக்குப் போனது, இடைப்பட்ட நாட்களில் யாரிடம் இருந்தது, ஆய்வகம் பெற்றபோது முத்திரை சிதையாமல் இருந்ததாக அறிக்கை சொல்கிறதா என்று தேதிகளை ஒரே வரிசையில் எழுதுங்கள். நடுவில் இரண்டு வாரம் கணக்கில் வராமல் போயிருந்து, அதற்கு எந்தச் சாட்சியும் விளக்கம் தராதிருந்தால் அது எழுதத்தக்க காரணம்.

போக்சோ சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரே குற்றம் புரிந்தார் என்று அனுமானிக்கச் சொல்கிறது. ஆனாலும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறிவருகின்றன. விசாரணை நீதிமன்றம் அந்தப் படியைத் தாண்டி நேராக அனுமானத்துக்குப் போயிருக்கிறதா என்று தீர்ப்பில் தேடுங்கள். தண்டனைக்கு ஆதாரமான ஒரு சூழ்நிலை, குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேரடியாக வினவிய கட்டத்தில் அவரிடம் கேட்கப்படவே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில வாதங்களைத் தொடவே வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் நடத்தை, முந்தைய உறவுகள், உடலில் காயம் இல்லாதது, உடனே புகார் கொடுக்காதது ஆகியவற்றை மட்டும் நம்பி எழுதப்படும் மனுவைச் சட்டம் ஏற்பதில்லை. அது ஏற்கெனவே புண்பட்ட ஒருவரை மேலும் புண்படுத்தும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் சம்மதம் போக்சோவில் எதிர்வாதமே ஆகாது. வளரிளம் பருவத்தினரின் காதல், பிறகு திருமணம், குழந்தை என்று அமைந்த சில வழக்குகளில் தண்டனையை நீக்கியபோது உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142-ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தியது. உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

தண்டனையின் அளவை எதிர்ப்பது

குற்றத் தீர்மானம் நிற்கும் என்று தோன்றினாலும், தண்டனை சரியா என்பதைத் தனியாகப் பாருங்கள். போக்சோ சட்டத்தில் 2019 ஆகஸ்ட் 16 முதல் தண்டனைகள் கூட்டப்பட்டன. 4-ஆம் பிரிவின் (உடலுக்குள் ஊடுருவும் பாலியல் தாக்குதல்) குறைந்தபட்சம் 7 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகவும், பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 20 ஆண்டாகவும், 6-ஆம் பிரிவின் (அதே குற்றத்தின் கடுமையான வகை) குறைந்தபட்சம் 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டாகவும் உயர்ந்தன. அதற்கு முன் நடந்த சம்பவத்துக்குக் கூட்டப்பட்ட தண்டனையை விதித்திருந்தால் அது அரசமைப்பின் 20-ஆம் பிரிவுக்கு முரணானது. 2019 மே மாதம் நடந்த ஒரு குற்றத்துக்கு விதிக்கப்பட்ட ‘இயற்கை ஆயுள் முடியும் வரை’ சிறை என்ற தண்டனையை இதே காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் 2025-இல் மாற்றியமைத்தது.

சட்டம் வகுத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே குறைக்கும்படி கேட்பதில் பயனில்லை; வயது, குடும்பச் சூழல், முதல் குற்றம் என்ற எதுவும் அங்கே எடுபடாது. ஆனால் நிரூபிக்கப்பட்ட செயல் வேறொரு பிரிவுக்குள்தான் வருகிறது என்று காட்ட முடியுமானால் நிலைமை மாறும். உடலுக்குள் ஊடுருவும் செயல் நிரூபிக்கப்படவில்லை, பாலியல் நோக்கத்துடன் தொட்டது மட்டுமே நிரூபிக்கப்பட்டது என்றால், 8-ஆம் பிரிவின் 3 முதல் 5 ஆண்டுகளோ, கடுமையான வகை என்றால் 10-ஆம் பிரிவின் 5 முதல் 7 ஆண்டுகளோதான் பொருந்தும். பல தண்டனைகள் விதிக்கப்பட்டிருந்தால் அவற்றை ஏககாலத்தில் அனுபவிக்கத் தீர்ப்பு சொல்கிறதா, ஒன்றன்பின் ஒன்றாகவா, விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் கழிக்கப்பட்டனவா என்று பாருங்கள்.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற அச்சத்தால் பலர் தயங்குகிறார்கள். தண்டனை பெற்றவர் மட்டும் தொடுத்த மேல்முறையீட்டில் தண்டனையை உயர்த்த முடியாது. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025-இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. அரசு தனியாகத் தண்டனையைக் கூட்டக் கோரி மேல்முறையீடு செய்தால் மட்டும் அந்த ஆபத்து உண்டு. அப்போதும் உங்கள் தரப்பைக் கேட்காமல் கூட்ட முடியாது.

பாதிக்கப்பட்டவர் தொடர்பாகக் கவனிக்க வேண்டியவை

பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, பெற்றோர் பெயர் என அவரை அடையாளம் காட்டும் எதுவும் மனுவிலோ தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பிலோ வெளிப்படக் கூடாது. தாக்கல் செய்யும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து மறைத்துவிடும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். தீர்ப்பின் நகலை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அடையாளத்தை வெளிப்படுத்துவதே; அது தண்டனைக்குரிய குற்றம்.

அவரையோ அவர் குடும்பத்தையோ நேரிலோ ஆள் வைத்தோ அணுகாதீர்கள். இக்குற்றங்களைச் சமரசத்தால் முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பெற்றோர் சமரசம் ஆனதைக் காரணம் காட்டிப் போக்சோ வழக்கை ரத்து செய்தது தவறு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தண்டனைக்குப் பிறகு வாங்கிவரப்படும் ‘நான் சொன்னது பொய்’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நீதிமன்றங்கள் மிகுந்த ஐயத்தோடு பார்க்கின்றன. அச்சுறுத்தியதாகத் தெரிந்தால் பிணையும் பறிபோகும்.

மேல்முறையீட்டு உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு என்பதை இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டும். விடுதலைக்கு எதிராகவும், குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததற்கு எதிராகவும், இழப்பீடு போதாது என்பதற்காகவும் அவர் மேல்முறையீடு செய்யலாம். புதிய சட்டத்தில் 413-ஆம் பிரிவு இதற்கு உரியது. விடுதலைக்கு எதிராகச் செல்லும்போது அவர் சிறப்பு அனுமதி பெற வேண்டியதில்லை. தண்டனைக் காலத்தைக் கூட்டும்படி கேட்பது மட்டும் அரசின் கையில்தான் இருக்கிறது.

விசாரணையும் தீர்ப்பும்

மேல்முறையீடு ஏற்கப்பட்டதும் எண் வழங்கப்படும். அதைக் கொண்டு இணையத்தில் வழக்கின் நிலையைத் தொடர்ந்து பார்த்துவரலாம். வன்புணர்ச்சிப் பிரிவுகளில் விதிக்கப்பட்ட தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டைத் தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பல மேல்முறையீடுகள் அதைத் தாண்டி நிலுவையில் கிடக்கின்றன. உங்களுடையதும் அப்படிக் கிடந்தால் விரைந்து விசாரிக்கும்படி மனுக் கொடுங்கள். வழக்கறிஞர் வராமல் போனார் என்பதற்காக மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது. தகுதியின் அடிப்படையில்தான் முடிவு செய்ய வேண்டும். புதிய சான்று ஏதேனும் கிடைத்திருந்தால், அது ஏன் முன்பே வரவில்லை என்ற விளக்கத்தோடு கூடுதல் சாட்சியம் கோரும் மனுவைத் தாக்கல் செய்யலாம். நீதி வழங்க அது அவசியம் என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே அனுமதிக்கும்.

விடுதலை, மறுவிசாரணை, குற்றப் பிரிவு மாற்றம், தண்டனைக் குறைப்பு, தள்ளுபடி ஆகியவற்றில் எந்த முடிவும் வரலாம். விடுதலையானால் கட்டிய அபராதத்தைத் திரும்பப் பெற விசாரணை நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள். தள்ளுபடியானால் தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுத் தாக்கல் செய்யலாம்; அது அந்த நீதிமன்றத்தின் விருப்புரிமையைப் பொறுத்தது. பிணையில் இருப்பவர் அதற்கு முன் சரணடைய வேண்டியிருக்கும். கீழமை நீதிமன்றத்தில் விடுதலையாகி, உயர் நீதிமன்றம் அதை மாற்றி 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டித்திருந்தால் மட்டும் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது உரிமையாகவே கிடைக்கிறது. அங்கேயும் காவலில் இருப்பவருக்கு உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல், விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு, சிறையில் கழித்த காலத்துக்கான சான்று ஆகியவற்றோடு சிறை வழியாகவே அதற்கும் விண்ணப்பிக்கலாம்.